நின்றாலும் தேயும் என்ஜின்

2025 செப்டம்பர் 26-ஆம் தேதி. சண்டிகர் விமானப்படைத் தளத்தில் மிக்-21 போர் விமானங்களுக்கு விடைகொடுக்கும் நிகழ்ச்சி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. 1963-இல் நம் விமானப்படையில் சேர்ந்து, 62 ஆண்டுகள் பணியாற்றிய விமானம் அது. பெரம்பலூரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் நண்பர் ஒருவரும் என்னுடன் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அரியலூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, இளம் வயதிலேயே விமானப்படையில் சேர்ந்து, என்ஜின் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவர் சொன்னார்: "இனிமே இதையெல்லாம் தூண் மேல ஏத்தி வெச்சுருவாங்க சார். வர்றவங்க நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. உள்ளே என்ன இருக்குன்னு சொல்லத்தான் ஆள் இருக்காது."

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பொருளியல் கற்பித்த எனக்கு, அந்தக் கடைசி வாக்கியம் ஒரு பாடத்தையே நினைவூட்டியது. ஓர் இயந்திரத்தின் மதிப்பு அதன் இரும்பில் மட்டும் இருப்பதில்லை. அதை இயக்கத் தெரிந்தவர்களின் கைகளிலும் இருக்கிறது. இரும்பைத் தூண் மேல் ஏற்றிவிடலாம். கைகளை என்ன செய்வது?

இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள, போர் விமானத்தின் ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டாலே போதும். அதன் பெயர் ஆஃப்டர்பர்னர். பிரிட்டனில் அதை 'ரீஹீட்' என்பார்கள். தமிழில் பின்னெரிப்பான் எனலாம்.

ஜெட் என்ஜின் முன்புறமாகக் காற்றை உள்ளிழுத்து, அழுத்தி, எரிபொருள் கலந்து எரிக்கிறது. அந்த வெப்ப வாயு டர்பைன் என்னும் சுழலியைச் சுழற்றிவிட்டுப் பின்புறமாகப் பீறிட்டு வெளியேறும்போது விமானம் முன்னே தள்ளப்படுகிறது. ஆனால், உள்ளே வந்த காற்றிலுள்ள ஆக்சிஜன் முழுவதையும் எரித்துவிட முடியாது. அப்படி எரித்தால் டர்பைனின் தகடுகள் அந்த வெப்பத்தைத் தாங்காது. எனவே, வெளியேறும் வாயுவில் ஆக்சிஜன் கணிசமாக மிஞ்சியிருக்கிறது. டர்பைனைக் கடந்த பிறகு, அந்த வாயுவில் மீண்டும் எரிபொருளைத் தெளித்து இரண்டாவது முறையாக எரிப்பதுதான் பின்னெரிப்பானின் வேலை.

மிக்-21 பிஸ் ரகத்தின் என்ஜின், பின்னெரிப்பான் இல்லாமல் ஏறத்தாழ 4,100 கிலோ உந்துவிசை தரும். பின்னெரிப்பானுடன் அது 7,000 கிலோவை ஒட்டிச் செல்லும். ஆனால், எரிபொருள் செலவு மூன்று, நான்கு மடங்காகிவிடும். கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு கிலோ உந்துவிசைக்கும் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். இறுதிநிலைச் செலவு என்று வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டுவோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் விமானி அதைச் சில நிமிடங்களுக்கே பயன்படுத்துகிறார்: புறப்படும்போது, துரத்தும்போது, உயிர் தப்பும்போது.

சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். சூறாவளியைவிட வேகமாகப் பாயும் வாயுவில் தீ அணையாமல் நிற்க வேண்டும். அதற்காக 'வி' வடிவத் தடுப்பு வளையங்களை அமைத்து, அவற்றின் மறைவில் சுடரை நிறுத்துகிறார்கள். அகலில் எரியும் விளக்கைக் காற்றிலிருந்து கை குவித்துக் காப்பதைப் போன்றது இது. தீ மூண்டதும் பின்புற வாய் உடனே விரிய வேண்டும். விரியாவிட்டால் அழுத்தம் பின்னோக்கித் திரும்பி என்ஜினே திணறிவிடும். எரிபொருள், தீ, வாயின் விரிவு ஆகிய மூன்றும் கணப்பொழுதில் ஒத்திசைய வேண்டும்.

இந்த ஒரு பாகத்துக்காக நாம் கொடுத்த விலை பெரிது. ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில், பெங்களூரு ஹெச்.ஏ.எல். நிறுவனம் உருவாக்கிய ஹெச்.எஃப்-24 மாருத், 1961 ஜூனில் முதன்முதலாகப் பறந்தது. ஒலியைப்போல இரு மடங்கு வேகத்தை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்ட உடல் அது. ஆனால், அதற்காகக் கருதப்பட்ட, பின்னெரிப்பானுடன் கூடிய ஆர்ஃபியஸ் 12 என்ஜின் வந்து சேரவில்லை. பிரிட்டிஷ் நிறுவனம் அதன் உருவாக்கச் செலவில் பங்கேற்குமாறு கேட்டது. அந்தப் பணத்தை நாம் செலவிடவில்லை. விளைவாக, பின்னெரிப்பான் இல்லாத ஆர்ஃபியஸ் 703 என்ஜின்களுடனேயே மாருத் காலம் தள்ளியது. 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தில் திறம்படப் பணியாற்றியும், தனக்கு விதிக்கப்பட்ட வேகத்தை அது ஒருநாளும் எட்டவில்லை.

பிறகு நம் பொறியாளர்களே அந்த என்ஜினுக்குப் பின்னெரிப்பான் பொருத்த முயன்றார்கள். அப்படிப் பொருத்தப்பட்ட மாருத்தைச் சோதித்தபோது, 1970 ஜனவரி 10-ஆம் தேதி சோதனை விமானி குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். பெங்களூரில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. இன்று கோவை சூலூரில் இருந்து பறக்கும் நம் தேஜஸ் விமானங்களும் அமெரிக்க எஃப்-404 என்ஜினை நம்பியே பறக்கின்றன. பின்னெரிப்பானுடன் கூடிய ஓர் உள்நாட்டு என்ஜின் இன்னும் நம் போர் விமானம் எதிலும் பணியில் இல்லை.

அதாவது, நமக்கு வாய்க்காத ஒரு திறன், ஓய்வுபெற்ற மிக்-21-இன் வயிற்றுக்குள் இரும்பாக இருக்கிறது. அதைக் கழற்றிப் பூட்டிய பல்லாயிரம் கைகளில் அனுபவமாக இருக்கிறது. இரண்டையும் தனித்தனியே துருப்பிடிக்க விடப்போகிறோமா என்பதுதான் கேள்வி.

தேய்மானம் என்றால் பயன்பாட்டால் வருவது என்றே பொதுவாக நினைக்கிறோம். பயன்படுத்தாமையாலும் தேய்மானம் வரும். நின்றுபோன என்ஜினில் ரப்பர் அடைப்புகள் காய்ந்து வெடிக்கும்; எரிபொருள் தெளிக்கும் நுண்துளைகள் பிசின் கட்டி அடைத்துக்கொள்ளும்; பின்புற வாயின் இதழ்களை இழுத்து விரிக்கும் ஹைட்ராலிக் உருளைகளில் கசிவு தொடங்கும்; மழைநீர் தேங்கிய மூலையில் அரிப்பு வேலையைத் தொடங்கிவிடும். மறுபுறம், இயக்கினால் வெப்பத்தால் தகடுகளில் மயிரிழை விரிசல்கள் தோன்றும். எனவே அளவாக இயக்கி, ஆற வைத்து, கழற்றிப் பார்த்து, துடைத்து, மீண்டும் பூட்ட வேண்டும். இதற்கு முடிவே இல்லை.

இந்த முடிவில்லாத வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் உள்ள பிரண்டிங்தார்ப் என்ற இடத்தில், 'லைட்னிங் பிரிசர்வேஷன் குரூப்' என்னும் தன்னார்வலர் அமைப்பு 1988 முதல் இயங்குகிறது. பிரிட்டிஷ் விமானப்படை அந்த ஆண்டில் ஓய்வளித்த லைட்னிங் போர் விமானங்கள் இரண்டை அவர்கள் உயிருடன் காத்தார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக இரு ரோல்ஸ்-ராய்ஸ் ஏவான் என்ஜின்கள் கொண்ட விமானம் அது. இரண்டுக்கும் பின்னெரிப்பான் உண்டு. பறக்க அனுமதி இல்லை. ஆனால், ஆண்டுதோறும் குறிப்பிட்ட நாள்களில் பின்னெரிப்பானை மூட்டி, ஓடுபாதையில் சீறவிட்டார்கள். மக்கள் நுழைவுக் கட்டணம் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பணம் எரிபொருளாகவும் உதிரிபாகமாகவும் மாறியது. பின்னர் அந்த விமானதளம் வேறு பயன்பாட்டுக்குச் சென்றதால் ஓடுபாதை ஓட்டங்கள் நின்றுபோயின. நிலம் தன்னுடையதாக இல்லாத தன்னார்வத்தின் பலவீனத்தையும் அந்த அமைப்பு நமக்குக் காட்டுகிறது.

ஸ்வீடனில் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். அங்குள்ள விமானப்படை வரலாற்றுப் பறப்புக் குழு, பின்னெரிப்பான் கொண்ட விக்கன் போர் விமானம் ஒன்றைப் பழுதுநீக்கி 2012-இல் மீண்டும் வானில் பறக்கவிட்டது.

பிரிட்டனின் வல்கன் குண்டுவீச்சு விமானத்தின் கதை வேறொரு பாடம். பொதுமக்கள் நன்கொடையால் 2007-இல் மீண்டும் பறந்த அந்த விமானம், 2015-இல் நிரந்தரமாகத் தரையிறங்கியது. முதன்மைக் காரணம் பணமன்று. அதன் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பேற்ற நிறுவனங்கள், தங்களிடம் அதற்கான அனுபவசாலிகள் குறைந்துவருவதால் விலகிக்கொண்டன. உலோகம் இருந்தது, அறிந்தவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள்.

இது மேலைநாட்டாரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். நமக்கு இந்த வழக்கம் புதிதன்று. திருவாரூர் ஆழித்தேர் 1948-க்குப் பிறகு ஓடாமல் நின்றது. ஓடாத தேரின் மரம் என்ன ஆகும் என்பது கிராமத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். 1970-இல் அது மீண்டும் ஓடியது. அதற்கு நம் அண்டை நகரமான திருச்சியின் பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதன் பிறகு, தேர் ஓட வேண்டும் என்பதற்காகவே தச்சரும் கொல்லரும் முட்டுக்கட்டை போடுபவரும் தேவைப்பட்டார்கள். ஓட்டம் இருந்தால் பராமரிப்பு இருக்கும். பராமரிப்பு இருந்தால் கைத்திறன் இருக்கும்.

எங்கள் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கல்மரம் கிடக்கிறது. நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்து உலகுக்குச் சொன்ன, 18 மீட்டர் நீள மரம். அதைக் காக்க ஒரு வேலியும் ஒரு காவலரும் போதும். கல்லாகிவிட்டதற்கு வேறென்ன வேண்டும்? ஆனால், என்ஜினைக் கல்மரம்போலப் பாதுகாக்க முடியாது. வேலிக்குள் வைத்தால் அது வெறும் வடிவம்.

இதே இரு மாவட்டங்களில் இருந்து ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகள் பொறியியல் கல்லூரிகளிலும் ஐ.டி.ஐ.களிலும் படித்து வெளியேறுகிறார்கள். என்னிடம் பொருளியல் படித்த மாணவர் ஒருவரின் மகன் விமானப் பொறியியல் பட்டம் பெற்றவன். ஜெட் என்ஜினை நேரில் தொட்டதுண்டா என்று கேட்டேன். "படத்துலதான் ஐயா பார்த்திருக்கேன்" என்றான். அவன் படித்த கல்லூரியை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. பெரும்பாலான இடங்களில் நிலைமை இதுதான். அதே தெருவில், அந்த என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடியவர் மாலையில் நடைப்பயிற்சி போகிறார். இருவருக்கும் இடையே ஐம்பதடி தூரம். நடுவில் ஒரு பாலம் இல்லை.

அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்லியிருப்பது நினைவுக்கு வருகிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மாணவர்களுக்கு விளக்கிக் காட்ட வைக்கப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்கள்தான் அவரை விமானப் பொறியியல் பக்கம் ஈர்த்தன. பறக்காத இரண்டு விமானங்கள் ஒரு நாட்டுக்கு ஈட்டித் தந்த வருவாயை எந்தக் கணக்கில் எழுதுவது?

எதிர்வாதங்கள் உண்டு. ஏழை நாட்டில் இது ஆடம்பரம் இல்லையா என்று கேட்கலாம். விமானத்தின் செலவு ஏற்கெனவே கழிந்துவிட்டது; மிஞ்சியிருப்பது அதைத் தூணில் ஏற்றும் செலவா, கூரைக்குள் வைத்துக் கற்பிக்கும் செலவா என்ற தேர்வு மட்டுமே. போர்க்கருவியைப் போற்றலாமா என்றும் கேட்கலாம். கற்பது எரிதலின் அறிவியல். அதே அறிவுதான் மின்நிலைய டர்பைனையும் பயணிகள் விமானத்தையும் இயக்குகிறது. ஆபத்து இல்லையா என்ற கேள்வி நியாயமானது. விமானி வெளியேறும் இருக்கையில் வெடிபொருள் உண்டு. பின்னெரிப்பானை மூட்ட விமானத்தைத் தரையோடு பிணைக்கும் நங்கூரமும் தீயணைப்புக் குழுவும் வேண்டும். அது எல்லாக் கல்லூரிக்கும் உரிய வேலையன்று.

ஆகவே சிறிதாகத் தொடங்கலாம். வெடிபொருள் நீக்கப்பட்ட விமானங்களில் சிலவற்றை, தூணுக்குப் பதிலாகக் கூரையுள்ள பட்டறைகளுக்கு அனுப்பலாம். தீ மூட்டவே வேண்டாம். கை பம்பால் ஹைட்ராலிக் அழுத்தம் கொடுத்து, பின்னெரிப்பானின் வாய் இதழ்கள் விரிந்து சுருங்குவதை ஒரு மாணவன் தன் கையால் செய்து பார்த்தால் போதும். விமானப்படையில் ஓய்வுபெற்றவர்களை வாரம் ஒருநாள் கௌரவப் பயிற்றுநர்களாக அழைக்கலாம். தீ மூட்டிக் காட்டும் பொறுப்பு, விமானப்படையின் கண்காணிப்பில் நாட்டில் ஓரிரு இடங்களுக்கு மட்டும் இருக்கட்டும். தன்னார்வலரின் உழைப்பு நாட்டு வருமானக் கணக்கில் ஏறாது; ஆனால், அது நின்றுபோனால் ஏற்படும் இழப்பை நாம் பின்னாளில் இறக்குமதி விலையாகக் கட்டுகிறோம்.

இதில் அவசரம் ஒன்று உண்டு. அலுமினியம் இன்னும் ஐம்பது ஆண்டுகள் தாங்கும். அதை அறிந்தவர்களுக்கு அத்தனை அவகாசம் இல்லை.

சென்ற வாரம் அந்த விமானப் பட்டதாரி இளைஞனை நண்பர் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். காகிதமும் பென்சிலும் கேட்டார் நண்பர். சுடரை நிறுத்தும் வளையத்தை வரையத் தொடங்கியவர், இரவு உணவுக்கு அழைக்கும்வரை நிமிரவில்லை. இளைஞனும்தான்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - ஓய்வு)