கொல்லை மரத்தின் குறை

மனிதருக்கு நோய் கண்டால் வைத்தியர் முதலில் நாடி பார்க்கிறார். கொல்லையில் நிற்கும் மரத்துக்கு நோய் கண்டாலோ, நாம் நேரே கோடரியையாவது விஷ மருந்தையாவது தேடிப் புறப்படுகிறோம். மரம் வாய் திறந்து பேசாவிட்டாலும், இலையிலும் பூவிலும் காயிலும் தன் குறையைத் தெரிவித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கவனிக்கப் பழகினால் பாதி வைத்தியம் முடிந்தது.

நெமிலியைச் சுற்றியுள்ள பிரதேசத்தில் முதலில் சோதிக்க வேண்டியது தண்ணீர். நெமிலி இப்போது, 2019-ஆம் ஆண்டில் வேலூரிலிருந்து பிரிந்த இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. பாலாற்றுப் பக்கத்துத் தோல் சாலைகளின் கழிவுநீர் கிணறுகளைக் கெடுத்தது பற்றி 1996-இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புக் கூற நேர்ந்தது. தோல் சாலை அருகில் இல்லாத இடங்களிலும் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கலாம். போதாததற்குத் துணி துவைத்த சோப்பு நீரையும் மரத்தடிக்குத் திருப்பி விடுகிறோம். முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் தீய்ந்தாற்போல் காய்ந்தால் உப்பையே சந்தேகிக்க வேண்டும். சோப்பு நீரை நிறுத்துங்கள். கூரையில் விழும் மழை நீரை மரத்துப் பாத்திக்குத் திருப்புங்கள். மட்கிய எருவைத் தாராளமாக இடுங்கள். ஜிப்சம் இடுவதற்கு முன் மண்ணைப் பரிசோதித்துக் கொள்வது நலம். உவர்ப்பை எலுமிச்சையும் மாவும் தாங்கா. சப்போட்டாவும் இலந்தையும் ஓரளவு பொறுக்கும்.

எலுமிச்சையின் இளந்துளிர்கள் சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது துத்தநாகக் குறைவு. ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டும், அதில் பாதி சுண்ணாம்பும் கலந்து வடிகட்டித் துளிர் காலத்தில் தெளிக்க வேண்டும். அடி இலைகளெல்லாம் ஒரே சீராக மஞ்சளித்தால் தழைச்சத்துப் போதவில்லை என்று கொள்ளலாம்.

மாமரம் பூத்துக் கொட்டுகிறதே என்று வருந்தாத இல்லத்தரசி இல்லை. பூக்களில் நூற்றுக்கு ஒன்றுகூடக் கனியாவதில்லை, அது இயற்கையே. ஆயினும் பூங்கொத்தின்மேல் சாம்பல் தூவினாற்போல் வெண்மை படர்ந்தால் அது சாம்பல் நோய். நீரில் நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து, வெயில் ஏறுமுன் தெளித்தால் அடங்கும்.

கொய்யாப் பழத்தை அறுத்தால் புழு நெளிகிறதா? பழ ஈயின் வேலை அது. மரத்துக்கு மருந்தடிப்பதைவிட, உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைப்பதும், அடிமண்ணைக் கொத்திக் கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் குருவிகளுக்கும் ஒப்படைப்பதும் மேலான உபாயங்கள். முற்றி வரும் காய்களுக்குக் காகிதப் பை கட்டலாம்.

பப்பாளியின் கதை நமக்குப் பெரும் படிப்பினை. 2008-இல் கோயமுத்தூரில் தோன்றிய மாவுப்பூச்சி, பப்பாளியோடு மரவள்ளியையும் மல்பெரியையும் சூறையாடிற்று. எத்தனை மருந்து தெளித்தும் மாளவில்லை. அது மெக்ஸிகோ, மத்திய அமெரிக்காப் பக்கத்துப் பூச்சி. இங்கே அதற்குப் பகைவன் இல்லை. 2010-இல் நம் தேசத்து விஞ்ஞானிகள் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்துப் பெருக்கி விட்டார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் அவற்றைக் குடியானவர்களுக்கு வழங்கியது. சில மாதங்களிலேயே கொள்ளை அடங்கிற்று. கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்தக் குளவியையும் நாம் வீசும் விஷம் கொல்லும் என்பதை மறக்கலாகாது. மாவு படிந்த இலைகளைக் களைந்து எரித்து, பூச்சிக்குக் காவல் நிற்கும் எறும்புகளை விலக்கினால், மற்றதைக் குளவி பார்த்துக்கொள்ளும்.

ஐயம் தீராவிட்டால், நோயுற்ற இலையையும் ஒரு பிடி மண்ணையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள வேளாண் விரிவாக்க மையத்தையோ, விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ நாடலாம். நம் குழந்தைகள் கழுவாமலே பறித்துத் தின்னும் பழம் அது. விஷத்தில் கை வைக்குமுன் ஒரு வாரமாவது மரத்தை நின்று பார்ப்பது நம் கடமை.