பக்கத்து வீட்டு மஞ்சப்பை

சென்னைப் புறநகரான எங்கள் சிட்லபாக்கம் பேரூராட்சியாக இருந்த காலம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் பாத்திரம் உருளும். பின்னாலேயே ஒரு பெண்ணின் அழுகை கேட்கும். நாங்கள் ஜன்னலைச் சாத்துவோம். "புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு?" என்பார் அம்மா. காலையில் தண்ணி லாரி வரிசையில் அந்த அக்கா குடத்தோடு நிற்பார், கன்னம் வீங்கி. "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்." நாங்களும் நம்பியதுபோலத் தலையாட்டுவோம். இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

உதவி கேட்டு அவர் எங்கே போயிருப்பார்? மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவன்மீதும் அவன் வீட்டார்மீதும் வழக்குப் போடும் 498-ஏ பிரிவு 1983-லேயே வந்துவிட்டது. 1992-ல் ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையமும் திறந்தாயிற்று. ஆனால் புகார் கொடுத்தால் புருஷனை உள்ளே தள்ளுவார்கள், மாமியார் வீட்டுக் கதவு மூடிவிடும் என்ற பயம். தாய்வீட்டிலோ "பொறுத்துப் போம்மா" என்ற ஒரே பதில்.

2006 அக்டோபர் 26-ல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. யாரையும் சிறைக்கு அனுப்பாமலே, அடிக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். வீடு யார் பேரில் இருந்தாலும் பாதிக்கப்பட்ட பெண் அங்கேயே இருக்கலாம். பலருக்குத் தெரியாத இன்னொன்றும் அதில் உண்டு: அக்கம்பக்கத்தார் யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர்மீது வழக்கு வராது. எங்கள் ஜன்னலுக்கே எழுதிய பிரிவு போல இருக்கிறது.

சட்டம் புத்தகத்தில் இருக்கும். அதை அவளிடம் கொண்டுபோக ஓர் ஆள் வேண்டும். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகச் சென்னையில் 2001 முதல் இயங்கும் பி.சி.வி.சி. அமைப்பு, கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் தீக்காயத்தோடு கிடக்கும் பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்தே இதைச் செய்கிறது. தெருவளவில் நாங்கள் நாலைந்து பேர் செய்வது ரொம்பச் சின்ன வேலை. என் வீட்டு பீரோவில் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், மருத்துவமனைச் சீட்டு, ஐந்நூறு ரூபாய். அது என்னுடையதல்ல. கிளம்ப வேண்டிய ராத்திரியில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்று ஒரு தங்கச்சி கொடுத்துவைத்தது. காவல் நிலையத்துக்கு அவளோடு நானும் போவேன். "புகாருக்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காம கிளம்பாதே" என்பேன். பேச்சை அவள்தான் பேசுவாள்.

இதில் நான் கற்றது கொஞ்சம் வலித்தே கற்றது. அந்தத் தங்கச்சியை "விட்டுட்டு வந்துடு" என்று நான் அதட்டியதும், அவள் அம்மா "பொறுத்துப் போ" என்றதும் ஒன்றுதான். இரண்டுமே அவளுக்குப் பதிலாக இன்னொருத்தி முடிவெடுப்பது. அவள் மூன்று முறை திரும்பிப் போனாள். நாலாவது முறையும் என் கதவைத் தட்டினாள். முதல் தடவையே நான் கோபித்துக்கொண்டிருந்தால் தட்டியிருக்க மாட்டாள்.

மாற்றம் முழுசாக வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஏரியைச் சுத்தம் செய்ய இந்த ஊர் ஜனம் திரண்டு இறங்கியதைப் பார்த்தவள் நான். அந்தக் கைகள் பக்கத்து வீட்டுக்கும் வரட்டும். மகளிர் உதவி எண் 181, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம். இன்று ராத்திரி சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தாதீர்கள்.