உங்களுக்குத் தெரியுமா? பல கதவு, ஒரே சாவி

● வாசல் கதவு, கொல்லைக் கதவு, மொட்டைமாடிக் கதவு மூன்றையும் ஒரே சாவியால் திறக்கலாம். அதற்காகப் பழைய பூட்டுகளைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. பல பூட்டுகளில் உள்ளே இருக்கும் சிறிய பித்தளைப் பின்களை மாற்றினாலே போதும்.

● இன்று வீட்டுக் கதவுகளில் பரவலாகப் பொருத்தப்படுவது சிலிண்டர் பூட்டு. சாவி நுழைகிற உருளையில் வரிசையாக ஐந்து அல்லது ஆறு குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் சாவியைத் தொடுகிற பின் ஒன்று, அதை அடுத்துத் தடுப்புப் பின் ஒன்று, இரண்டையும் அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது தடுப்புப் பின்கள் உருளைக்குள் பாதி நுழைந்து அதைச் சுழலவிடாமல் மறிக்கின்றன. சரியான சாவியைப் போட்டதும் எல்லாக் குழிகளிலும் இரு பின்கள் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு ஒன்றுகிறது, பூட்டு திறக்கிறது. ஒரே ஒரு பின் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் உருளை அசையாது.

● பண்டைய எகிப்தியர் மரத்தில் செய்த பூட்டுகளிலும் பின்கள்தாம் தடுத்தன. அதையே கைக்கு அடக்கமான உலோக உருளையாக்கி, தட்டையான சிறு சாவியைக் கொடுத்தவர் அமெரிக்கர் லைனஸ் யேல் இளையவர். அவர் காப்புரிமை பெற்ற ஆண்டுகள் 1861, 1865. பூட்டுத் தொழில் அவருக்குத் தந்தை வழி வந்தது.

● இரண்டாவது பூட்டை முதல் பூட்டின் சாவிக்குப் பழக்குவது இப்படித்தான்: உருளையை உருவி, சாவிப் பின்களை மட்டும் எடுத்துவிட்டு, முதல் சாவியின் வெட்டுக்குப் பொருந்தும் நீளமுள்ள பின்களைப் போடுவார்கள். தடுப்புப் பின்னும் ஸ்பிரிங்கும் அப்படியே இருக்கும். கைப்பழக்கம் உள்ளவருக்குச் சில நிமிட வேலை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சாவித் துளையின் வளைவு நெளிவுகள் இரண்டு பூட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கம்பெனிச் சாவி இன்னொரு கம்பெனிப் பூட்டுக்குள் பெரும்பாலும் நுழையவே நுழையாது; நுழையாத சாவிக்குப் பின் மாற்றிப் பயனில்லை.

● அப்படிப் பொருந்தாவிட்டாலும் வழி இருக்கிறது. கதவின் இரு பக்கமும் எட்டும் நீளமான சிலிண்டர் என்றால், கதவின் ஓரத் தகட்டில் உள்ள ஒற்றைத் திருகாணிதான் அதைப் பிடித்திருக்கும். கைப்பிடியையும் பூட்டுப் பெட்டியையும் தொடாமல் சிலிண்டரை மட்டும் மாற்றிவிடலாம். ஒரே சாவிக்கு அமைந்த சிலிண்டர்கள் சேர்த்தே விற்கப்படுகின்றன. கதவின் கனத்தை அளந்துகொண்டு போவது முக்கியம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டரைத் திருடன் பிடித்து உடைப்பது எளிது.

● லீவர் பூட்டின் கதை வேறு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு இந்த வகை. இதில் பின் கிடையாது. அடுக்கடுக்கான தகடுகளைச் சாவி குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்க வேண்டும். சாவியை மாற்றுவதென்றால் தகடுகளையே மாற்ற வேண்டும். ஆணி அறைந்து மூடிய பூட்டில் அது வீண் சிரமம். ஒரே சாவி வேண்டுமென்றால் பூட்டு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

● ஒரே சாவிப் பூட்டும் மாஸ்டர் சாவிப் பூட்டும் ஒன்றல்ல. முதலாவதில் எல்லாப் பூட்டுக்குள்ளும் ஒரே பின் வரிசை. இரண்டாவதில் ஒவ்வோர் அறைக்கும் தனிச் சாவி உண்டு. எல்லா அறைகளையும் திறக்கும் இன்னொரு சாவி நிர்வாகியிடம் இருக்கும். விடுதிகளிலும் அலுவலகங்களிலும் நடைமுறை இதுதான். இதற்காகச் சாவிப் பின்னுக்கும் தடுப்புப் பின்னுக்கும் நடுவே மெல்லிய வில்லை ஒன்றைச் செருகுகிறார்கள். இப்போது அந்தக் குழிக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு சரியான உயரங்கள். ஐந்து குழியிலும் வில்லை போட்டால் அந்த ஒரு பூட்டை 32 விதமான சாவிகள் திறக்கும்! சொந்த வீட்டுக்கு மாஸ்டர் சாவி அமைப்பு வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

● இதைவிடப் பெரிய ஓட்டையை 2003-இல் அமெரிக்க ஆய்வாளர் மேட் பிளேஸ் வெளியிட்டார். மாஸ்டர் அமைப்பில் உள்ள ஏதாவது ஓர் அறையின் பூட்டும் சாவியும் கையில் இருந்தால், சில வெற்றுச் சாவிகளைக் கொண்டே முழுக் கட்டடத்தின் மாஸ்டர் சாவியைக் கண்டுபிடித்துவிட முடியும் என்று நிரூபித்தார்.

● சாவியைக் களவாட அதைத் தொடக்கூட வேண்டாம். 2008-இல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏறத்தாழ 60 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்த படத்தைக் கொண்டே சாவியின் வெட்டுகளைக் கணித்தார்கள். அமெரிக்க விமான நிலையங்களில் பெட்டிகளைத் திறக்க அதிகாரிகள் வைத்திருக்கும் பொதுச் சாவிகளும் தப்பவில்லை. 2014-இல் அவற்றின் படம் ஒரு நாளிதழில் வந்தது. மறு ஆண்டே முப்பரிமாண அச்சில் நகல்கள் வந்துவிட்டன. புது வீட்டுச் சாவியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுபவர்கள் கவனிக்க!

● ஒற்றைச் சாவி மனிதருக்கு எவ்வளவு உதவும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. மாற்றுத்திறனாளிகளுக்கான பொதுக் கழிப்பறைகள் ஆயிரக்கணக்கானவற்றை அங்கே 'ரேடார்' என்ற ஒரே சாவி திறக்கிறது. 1981-இல் தொடங்கிய திட்டம் இது. சக்கர நாற்காலியில் வருபவர் சாவிக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. நம் பேருந்து நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் பூட்டிக் கிடக்கும் கழிப்பறைகளுக்கு இப்படியொரு ஏற்பாடு அவசியம் வரவேண்டும்.

● அடுக்குமாடிக் குடியிருப்பில் இதையே தலைகீழாகச் செய்வதுண்டு: பொது வாசல் பூட்டை அங்குள்ள எல்லா வீட்டுச் சாவிகளும் திறக்கும், வீட்டுக் கதவை அந்தந்த வீட்டுச் சாவி மட்டுமே திறக்கும். வசதிதான். ஆனால் எத்தனை விதச் சாவிக்கு இணங்குகிறதோ அந்த அளவுக்குப் பொது வாசல் பூட்டு பலவீனமாகும்.

● பூட்டு வாங்கப் போகிறீர்களா? பெட்டியின் மேல் கே.ஏ. என்று இருந்தால் ஒரே சாவிப் பூட்டுகள், கே.டி. என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாவி. மூன்று கதவுக்கும் ஒரே சாவி கேட்டு வாங்குங்கள். பீரோவையும் லாக்கரையும் அதில் சேர்க்காதீர்கள். அந்தச் சாவி தொலைந்தால் மறுநாளே மூன்று பூட்டிலும் பின்களை மாற்றிவிடுங்கள்.