சிறைவாசிகளின் குடும்பங்களுக்கு உதவும் அமைப்புகளும் பொதுமக்கள் பார்வையும்

சிறைவாசிகளின் குடும்பங்களுக்கு உதவும் அமைப்புகள் என்பவை, சிறையில் இருப்பவரின் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், வயதான பெற்றோர் ஆகியோருக்குப் பள்ளிக் கட்டணம், மளிகை, சட்ட உதவி, சிறைக்குச் சென்றுவரும் பயணச் செலவு போன்றவற்றை வழங்கும் அறக்கட்டளைகளையும் தன்னார்வக் குழுக்களையும் குறிக்கும். தமிழ்நாட்டில் இவை மிகக் குறைவு. பிறந்தநாள், நினைவுநாள் என்றால் ஆதரவற்றோர் இல்லத்திற்கோ முதியோர் இல்லத்திற்கோ ஒருவேளைச் சாப்பாடு கொடுப்பது இங்கு ஊறிப்போன வழக்கம். அதே கொடையைக் கைதி வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டால் பலரும் தயங்குகின்றனர். எனினும் சிறைவாசிகளின் குடும்பங்களைத் தமிழர் தாங்கிய வரலாறும் உண்டு. சிறை சென்றவர் எதற்காகச் சென்றார் என்பதே கொடையின் அளவை முடிவு செய்துள்ளது. குடும்பத்தின் தேவை அதற்கு அடுத்த இடத்திற்குத் தள்ளப்பட்டது.

குடும்பத்தின் நிலை

திருத்தணி வட்டாரத்தில் உள்ள மணவூர் சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் அமைந்த ஊர். அதற்குக் கிழக்கே புழல் மத்திய சிறையும், மேற்கே வேலூர் தொரப்பாடி மத்திய சிறையும் உள்ளன. இதுபோன்ற ஓர் ஊரிலிருந்து சிறைவாசியைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் கிளம்ப வேண்டும். ரயிலும் பேருந்தும் மாறிச் சென்று, நேர்காணலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதை மக்கள் 'மனு போட்டுப் பார்ப்பது' என்பர். பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்காக ஒருநாள் கூலி போகும், பயணச் செலவு தனி. சிறைவாசி பெரும்பாலும் வீட்டின் முக்கிய வருமானக்காரர் என்பதால், வரவு நின்ற வீட்டில்தான் இந்தச் செலவு கூடுகிறது. வழக்கறிஞர் கட்டணத்திற்கும் பிணைக்கும் நகை அடகுக்குப் போவது வழக்கமான அடுத்த படி. கொலை வழக்கு என்றால் பகைக்கு அஞ்சி ஊரையே விட்டுப் போகும் குடும்பங்களும் உண்டு. அப்போது பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுந்துபோகிறது.

'சிறையில் இருப்பவர் எல்லாம் குற்றவாளி' என்ற எண்ணம் பொதுமக்களிடம் ஆழமாக உள்ளது. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூவர், விசாரணைக் கைதிகள். அவர்கள் மீதான குற்றம் நிரூபிக்கப்படவில்லை. 1998 கோவை குண்டுவெடிப்பு வழக்கில் ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்துவிட்டு 2007-இல் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றவர்கள் உண்டு. 1982-ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டம் விசாரணையே இல்லாமல் 12 மாதங்கள் வரை அடைத்துவைக்க இடம் தருகிறது. தீர்ப்பு எதுவானாலும், அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதே உதவி அமைப்புகளின் வாதம்.

டால்ஸ்டாய் பண்ணை

சிறைவாசிகளின் குடும்பங்களுக்காகத் தமிழர் பெருமளவில் பங்கேற்று நடந்த முதல் ஏற்பாடுகளுள் ஒன்று தென்னாப்பிரிக்காவில் அமைந்தது. டிரான்ஸ்வாலில் இந்தியரைக் கட்டுப்படுத்திய சட்டங்களை எதிர்த்துக் காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் தமிழர் மீண்டும் மீண்டும் சிறை சென்றனர். அவர்களின் குடும்பங்களுக்கு முதலில் மாதந்தோறும் பணமாக உதவி வழங்கப்பட்டது. எந்தக் குடும்பத்திற்கு எவ்வளவு தேவை என்று அளப்பது கடினமாக இருந்தது. நேர்மையாளர் குறைவாகக் கேட்டனர், மற்றவர் கூடுதலாகப் பெற்றனர். பணமும் கரைந்துகொண்டே வந்தது. 1909-இல் ரத்தன் டாட்டா அனுப்பிய 25,000 ரூபாய் பெரும் துணையாயிற்று என்றாலும், போராட்டம் எத்தனை ஆண்டுகள் நீளும் என்று எவருக்கும் தெரியவில்லை.

1910-இல் ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டடக் கலைஞர் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சுமார் 21 மைல் தொலைவில் இருந்த தம் 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றிக் கொடுத்தார். சிறை சென்றோரின் குடும்பங்கள் அங்கு ஒன்றாகத் தங்கி, பொதுச் சமையலில் உண்டு, செருப்புத் தைத்தும் தச்சு வேலை செய்தும் வாழ்ந்தன. பிள்ளைகளுக்குப் பண்ணையிலேயே பாடம் நடந்தது. தமிழ், தெலுங்கு, குஜராத்தி, இந்தி பேசுவோர் அங்கு இருந்தனர். 'இந்தப் பணம் வேண்டியவருக்குத்தான் போகிறதா?' என்று இன்றைய நன்கொடையாளர் கேட்கும் கேள்விக்கு அன்றே சொல்லப்பட்ட விடை அது. எல்லாக் குடும்பமும் ஒரே சமையலில் உண்டதால், தேவையைத் தனித்தனியே அளந்து பணம் கொடுக்கும் சிக்கல் எழவில்லை.

347 ரூபாய் 12 அணா

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1908-இல் கைது செய்யப்பட்டு, முதலில் இரட்டை ஆயுள் தண்டனை பெற்று, அது மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் விடுதலையானார். சுதேசிக் கப்பல் நிறுவனம் அதற்குள் அழிந்துவிட்டது. வழக்கறிஞர் சன்னதும் பறிபோனது. குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்காகத் திரட்டிய தொகை காந்தியிடம் இருந்தது. 1915, 1916 ஆண்டுகளில் இருவருக்கும் இடையே இதுபற்றிக் கடிதப் போக்குவரத்து நடந்து, இறுதியில் 347 ரூபாய் 12 அணா வ.உ.சி. கைக்கு வந்து சேர்ந்தது. வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி இந்தக் கடிதங்களைத் தொகுத்து, அத்தொகையையே தலைப்பில் வைத்து ஒரு நூல் எழுதியுள்ளார்.

நாடறிந்த தலைவருக்கே உதவி சிறிதாகவும் காலந்தாழ்ந்தும்தான் வந்தது. இருப்பினும் அவர் குடும்பத்திற்குக் கொடுத்தவர் எவரும் அதை மறைக்கவில்லை. அரசியல் சிறை பிற்காலத்தில் பெயருக்கு முன் போடும் பட்டமாகவே ஆயிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில் சிறை சென்றவர்கள் பலர் பெயரோடு 'மிசா' ஒட்டிக்கொண்டது. விடுதலைப் போராட்ட வீரர்கள், மொழிப்போர்த் தியாகிகள் ஆகியோரின் குடும்பங்களுக்குத் தமிழக அரசு ஓய்வூதியம் தருகிறது. சிறை சென்றவரின் குடும்பம் பொதுப்பணத்தால் தாங்கப்படலாம் என்ற கொள்கையைத் தமிழ்ச் சமூகம் எதிர்ப்பின்றி ஏற்றுள்ளது என்பதற்கு இவை சான்று.

குற்ற வழக்குக் குடும்பங்கள்

திருட்டு, அடிதடி, கொலை, போதைப்பொருள் வழக்குகளில் இந்தப் பரிவு அற்றுப்போகிறது. பரவலாக எழும் எதிர்ப்புகளில் மிகவும் வலுவானது, 'பாதிக்கப்பட்டவர் வீட்டிற்கு யார் செய்தார்கள்?' என்ற கேள்வி. இது தட்டிக்கழிக்கத் தக்கதன்று. கொலையுண்டவரின் மனைவியும் கொலை செய்தவரின் மனைவியும் ஒரே தெருவில் இருக்கும்போது, இரண்டாமவர் வீட்டிற்கு மட்டும் அரிசி மூட்டை இறங்கினால் அது பெரும் காயமாகும். ஆனால் ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறையும் என்ற கணக்குச் சரியல்ல. தமிழ்நாட்டில் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் 2013 முதல் உள்ளது. சிறைவாசி ஈட்டும் கூலியிலேயே 20 விழுக்காடு பாதிக்கப்பட்டோருக்கென்று பிடிக்கப்படுகிறது. பராமரிப்புக்கான பிடித்தமும் போக மிஞ்சுவதில்தான் வீட்டிற்கு அனுப்ப முடியும். கேரளத்தில் சமூக நீதித் துறை சிறைவாசிகளின் பிள்ளைகளுக்கும், குற்றத்தால் பாதிக்கப்பட்டோரைச் சார்ந்தவர்களுக்கும் தனித்தனித் திட்டங்கள் வைத்துள்ளது. இழப்பீடு உரிய நேரத்தில் கிடைக்காத இடங்களில்தான் இந்த எதிர்ப்பு கூர்மையாகிறது. அந்தக் கோபம் நியாயமானது, அது போய்ச் சேரும் இடம்தான் தவறு.

இரண்டாவது, மதமாற்ற ஐயம். இந்தியாவில் இத்துறையில் கிறித்தவ அமைப்புகள் முன்னணியில் உள்ளன. 1981-இல் கேரளத்தில் குருமட மாணவர்களின் முயற்சியாகத் தொடங்கிய பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா அவற்றுள் ஒன்று. பிற சமயத்தார் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. அவர்கள் தரப்பிலிருந்து சிறை வாசலுக்கு வருவோர் குறைவு என்பதும் உண்மை. சமயச் சார்பற்ற முயற்சிகளும் உள்ளன. கிரண் பேடி 1994-இல் நிறுவிய இந்தியா விஷன் அறக்கட்டளை திகார் சிறைவாசிகளின் பிள்ளைகளுக்கான பணியில் பெயர்பெற்றது. திருநெல்வேலியைச் சேர்ந்த குளோபல் நெட்வொர்க் ஃபார் ஈக்வாலிட்டி தமிழ்நாட்டுச் சிறைவாசிகளின் பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைக்க உதவுகிறது.

மூன்றாவது தடை குடும்பத்திடமிருந்தே வருகிறது. அப்பா எங்கே என்று கேட்டால் வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லப் பழக்கப்பட்ட பிள்ளைகள் உண்டு. உதவியை வாங்கினால் உண்மை வெளிப்பட்டுவிடும் என்று தாய்மார் ஒதுங்குகின்றனர்.

எல்லைக்கு அப்பால்: செம்மர வழக்குகள்

திருத்தணிக்கு வடக்கே எல்லை தாண்டினால் ஆந்திரம். அங்குள்ள சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகத் திருவண்ணாமலை, வேலூர், தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த கூலிகள் பல ஆண்டுகளாகக் கைதாகி வருகின்றனர். இவர்களில் சவ்வாது மலைப் பழங்குடியினர் பலர். 2013 டிசம்பரில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் இருநூற்றுக்கும் மேற்பட்ட தமிழகத் தொழிலாளர் இரண்டாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தபின், 2016-இல் திருப்பதி நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். வழக்கு ஆவணங்கள் தெலுங்கில், சிறையோ வேறு மாநிலத்தில். அந்தக் காலம் முழுவதும் மலைக்கிராமங்களில் பெண்களே குடும்பத்தைச் சுமந்தனர்.

2015 ஏப்ரல் 7 அன்று அதே காட்டில் 20 தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டபோது தமிழகமே கொதித்தது. அரசும் கட்சிகளும் இறந்தோர் குடும்பங்களுக்கு நிதி அறிவித்தன. சிறையில் இருந்தவர்களின் வீடுகளுக்கு அப்படியொரு நிதி திரளவில்லை. இறந்தவர் 'அப்பாவித் தொழிலாளி' ஆகிவிட்டார், அவரோடு மலையிறங்கி உயிரோடு பிடிபட்டவர் 'கடத்தல்காரர்' என்ற பெயரிலேயே நின்றார். இருவரையும் அழைத்துச் சென்றவர் ஒரே இடைத்தரகராகவே இருந்திருக்கலாம்.

ஈழத்தில்

இலங்கையில் 1979-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் சிறையில் உள்ள தமிழர்களை அங்குள்ள தமிழர் 'அரசியல் கைதிகள்' என்றே அழைக்கின்றனர். அரசு அப்பெயரை ஏற்பதில்லை. 2018 மார்ச்சில் கிளிநொச்சியில், ஆயுள் தண்டனைக் கைதி ஒருவர் மனைவியின் இறுதிச் சடங்கிற்காகச் சில மணிநேரம் அழைத்துவரப்பட்டார். அவர் திரும்பியபோது அவருடைய சிறு மகள் சிறைச்சாலை வாகனத்தில் தந்தையோடு ஏறிய காட்சி உலகத் தமிழரை உலுக்கியது. பொதுமன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துகள் திரண்டன, உதவிகளும் குவிந்தன. ஆனால் தாயை இழந்து தந்தையும் சிறையில் உள்ள பிள்ளைகள் சாதாரணக் குற்ற வழக்குகளிலும் உண்டு. அவர்களுக்குக் கேமரா வருவதில்லை.

அமைப்புகளின் நடைமுறை

இந்தப் பார்வைகளுக்கு ஏற்ப அமைப்புகள் தம் வேலையை வடிவமைத்துக்கொண்டுள்ளன. பணத்தைக் கையில் தராமல் பள்ளிக்கு நேரடியாகக் கட்டணம் செலுத்துவது அவற்றுள் ஒன்று. சிறைவாசிக்குப் பணம் போய்விடும் என்ற ஐயத்திற்கு அது இடம் தருவதில்லை. பிள்ளைகளின் படத்தையும் பெயரையும் வெளியிடாமல் இருப்பது மற்றொன்று. கொடுத்ததைப் படமெடுத்துப் பகிர விரும்பும் கொடையாளர்களை இதனால் இழக்க வேண்டியுள்ளது.

அமெரிக்காவில் 1982-இல் தொடங்கிய ஏஞ்சல் ட்ரீ திட்டம் வேறொரு வழியைக் கண்டது. கிறிஸ்துமஸ் பரிசைக் கொடையாளர் வாங்கினாலும், சிறையில் உள்ள தந்தை அல்லது தாயின் பெயரிலேயே அது பிள்ளைக்குத் தரப்படுகிறது.

தமிழகச் சூழலில் அவசரமான தேவை, தாயோடு சிறையில் வளரும் குழந்தைகளைப் பற்றியது. உச்ச நீதிமன்றம் 2006-இல் ஆர். டி. உபாத்யாய் வழக்கில் அளித்த தீர்ப்பின்படி, குழந்தை ஆறு வயது வரையே சிறையில் தாயுடன் இருக்கலாம். அதன்பின் உறவினர் வீட்டிற்கோ இல்லத்திற்கோ அனுப்பப்பட வேண்டும். உறவினர் ஏற்க முன்வந்தாலும், இன்னொரு வாய்க்குச் சோறு போட அவர்களுக்கும் வசதி இருக்க வேண்டும். அந்த வீட்டிற்கு மாதாமாதம் சிறு தொகை கிடைத்தால் குழந்தை விடுதிக்குப் போகாமல் பாட்டியிடமோ சித்தியிடமோ வளர முடிகிறது.