ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குச் சீழ்க்கட்டி வந்தால்

செஞ்சியில் காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழே வலியுமாக அவதிப்படும் ஒருவருக்கு ஸ்கேனில் கல்லீரல் சீழ்க்கட்டி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் ஏற்கெனவே இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தி, தினமும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுபவர். வயிற்றைத் திறந்தால் ரத்தக்கசிவைக் கட்டுப்படுத்துவது கடினம். மாத்திரையைப் பல நாள் நிறுத்தினாலோ வால்வில் ரத்தம் உறைந்து, அது மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம்.

இவருக்குக் கைகொடுப்பது ஸ்கேன் பார்த்துக் குழாய் வைக்கும் முறை. ரத்தக்குழாய்ப் பரிசோதனைக்காக ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர் 1953-இல் வெளியிட்ட உத்திதான் இதற்கும் அடிப்படை: முதலில் ஊசி, அதன் வழியே மெல்லிய கம்பி, கம்பியின் மேல் குழாய். தோலை மரத்துப்போகச் செய்து, அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசி முனையைப் பார்த்தபடியே செலுத்துவார்கள். டாப்ளரில் ரத்த ஓட்டம் நிறமாகத் தெரிவதால் பெரிய நாளங்களை விலக்கிப் போகலாம். 10 பிரெஞ்ச் அளவுக் குழாயின் விட்டம் 3.3 மில்லிமீட்டர்தான். சீழ் சில நாட்களில் பையில் வடிந்துவிடும்.

துளை சிறியது என்பதற்காக அலட்சியம் கூடாது. கல்லீரல் ரத்தம் நிறைந்த உறுப்பு. அமெரிக்க இடையீட்டுக் கதிரியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், ஆழமான சீழ்க்கட்டியில் குழாய் வைப்பதை ரத்தக்கசிவு ஆபத்து அதிகமுள்ள சிகிச்சையாகவே கருதுகிறது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.5 முதல் 1.8-க்குள் இறங்க வேண்டும் என்கிறது. உலோக மைட்ரல் வால்வு பொருத்தியவர்களுக்கோ அது வழக்கமாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். அதனால் மாத்திரையை மருத்துவரே நிறுத்துவார். தேவைப்பட்டால் இடைப்பட்ட நாட்களுக்கு ஹெப்பாரின் கொடுப்பார். நரம்பு வழி ஹெப்பாரினின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அவசரமென்றால் வைட்டமின் கே, பிளாஸ்மா. அபிக்சபான், டாபிகாட்ரான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு ஐ.என்.ஆரை நம்ப முடியாது. கடைசி மாத்திரை எப்போது, சிறுநீரகம் எப்படி என்பதே கணக்கு.

பித்தப்பை அழற்சிக்கு இதே தீர்ப்பை எழுதிவிட முடியாது. அறுவை ஆபத்து கூடுதலாக இருந்த 142 பேரிடம் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. அதில் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை அகற்றப்பட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கும், குழாய் வைத்தவர்களில் 65 சதவீதம் பேருக்கும் பெரிய சிக்கல்கள் வந்தன. குழாய் சீழை எடுக்கும், பித்தக்கல்லை எடுக்காது. அங்கே அது பெரும்பாலும் தவணை வாங்கித் தரும் வழிதான் என்பது என் கருத்து.

இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், வலிக்கு இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். செஞ்சி அரசு மருத்துவமனையானாலும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியானாலும் புதுச்சேரி ஜிப்மரானாலும், மாத்திரை அட்டையையும் ஐ.என்.ஆர். சீட்டையும் கையோடு கொண்டுபோய் முதலில் அதைக் காட்டுங்கள்.