நீரில் வீழ்ந்தவரைக் காத்தல்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள், ஊரிலிருந்து வந்திருந்த நண்பரின் தந்தையாரைக் கேதார கட்டத்திற்கு நீராட அழைத்துச் சென்றோம். மழைக்காலத்து வெள்ளம் வடிந்து, படிகளின்மேல் வண்டல் படிந்திருந்தது. பெரியவர் இரண்டாம் படியில் கால் வைத்தார். மறுகணம் அவரைக் காணோம். கூக்குரல் ஒன்றும் எழவில்லை. பக்கத்திலிருந்த படகோட்டி பாய்ந்து தூக்கினார். கரையில் ஒருவர் வயிற்றை அமுக்கச் சொன்னார்; மற்றொருவர் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னார். விஞ்ஞானம் படிக்கும் நாங்கள் நால்வரும் செய்வதறியாது நின்றோம். நல்லவேளையாகப் பெரியவர் தாமே இருமி மூச்சு விட்டார். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நீர் மெத்தை போன்றது என்று எண்ணுகிறோம். அது தவறு. 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர் வேகத்தில் நீரைத் தொடுகிறார். 10 மீட்டரிலிருந்து விழுந்தால் 50 கிலோமீட்டர். நீரோ காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியுள்ளது. உடனே விலகி வழி விடாது. ஆகவே விலா எலும்பு முறிவதும், நுரையீரலும் மண்ணீரலும் சிதைவதும் உண்டு. ஆழமில்லாத நீரில் தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்து எலும்பு முறிந்து, கைகால்கள் வாழ்நாள் முழுதும் செயலற்றுப் போகலாம்.

இனி, மூழ்குவதால் வரும் கேடு. சிறிதளவு நீர் நுரையீரலுக்குள் புகுந்தாலும், அங்குள்ள நுண்ணிய காற்றறைகளை விரிந்த நிலையில் வைத்திருக்கும் வழவழப்பான பொருளை அது கெடுத்துவிடுகிறது. காற்றறைகள் சுருங்குகின்றன, இரத்தத்திற்குப் பிராணவாயு கிட்டாமல் சில நிமிடங்களில் நினைவு தப்புகிறது, அதன் பின்னரே இதயம் நிற்கிறது. இந்த வரிசையை மறவாதீர்கள். மூச்சு நின்றதால் இதயம் நிற்கிறது. ஆதலால் முதலில் கொடுக்க வேண்டியது மூச்சு. வயிற்றிலுள்ள நீரால் இப்போது ஆபத்து இல்லை. அதை அமுக்கி வெளியேற்ற முயன்றால் வாந்தி நுரையீரலுக்குள் போகும், காலமும் வீணாகும்.

இவ்வறிவு எளிதில் வந்ததன்று. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில், மூழ்கியவரின் ஆசனவாய் வழியே புகையிலைப் புகையைத் துருத்தியால் ஊதினார்கள்! 1903இல் ஷேஃபர் என்பவர், குப்புறப் படுக்கவைத்து முதுகை அமுக்கும் முறையை வெளியிட்டார். 1950களின் பிற்பகுதியில்தான் வாயோடு வாய் வைத்து ஊதுவதே மேலானது என்று எலாம், சேஃபர் என்ற மருத்துவர்கள் சோதனைகளால் நிறுவினார்கள். மார்பை அமுக்கும் முறை 1960இல் வந்தது.

நாம் செய்ய வேண்டியவை என்ன? முதலாவது, நீங்கள் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவர் மாண்ட கதைகள் ஏராளம். கயிறு, வேட்டி, மூங்கில், மூடிய காலி டப்பா, எது கிடைத்தாலும் வீசுங்கள். படகோட்டியைக் கூவி அழையுங்கள். இரண்டாவது, கரையில் மல்லாக்கப் படுக்கவைத்து மூச்சு வருகிறதா என்று பாருங்கள். ஒருவர் 112 அல்லது 108க்குத் தொலைபேசி செய்யட்டும். மூன்றாவது, மூச்சு இல்லையேல், அல்லது விக்கல்போல் எப்போதாவது ஒன்று மட்டும் வருமானால், தலையைச் சாய்த்து, மோவாயை உயர்த்தி, மூக்கை மூடி, வாய் வழியே 5 முறை ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி 30 முறை அமுக்குங்கள். நிமிடத்திற்கு 100 முதல் 120 என்ற கதியில். மீண்டும் 2 முறை ஊதுங்கள். உதவி வரும்வரை இப்படியே தொடருங்கள். வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டிராதீர்கள்.

மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈர உடையைக் களைந்து போர்த்துங்கள். நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவர்வது. உயரத்திலிருந்து விழுந்தவரானால் தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி தூக்க வேண்டும். ஆனால் மூச்சில்லாதவருக்குக் கழுத்தை எண்ணி மூச்சுத் தருவதைத் தாமதிக்கலாகாது.

மருத்துவமனையில் நுரையீரல் நீரை வற்றடிக்கும் மருந்து எதுவும் இல்லை. பிராணவாயுவை அழுத்தத்துடன் செலுத்திச் சுருங்கிய காற்றறைகளை விரியவைப்பதே முக்கிய சிகிச்சை. எழுந்து உட்கார்ந்து பேசுகிறவர்தானே என்று விட்டுவிடாதீர்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் சில மணி நேரமாவது டாக்டரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். காயம் பட்டிருந்தால் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் கண்டால், ஆற்றில் விழுந்ததை டாக்டரிடம் மறவாமல் சொல்லுங்கள். அசுத்த நீரால் எலிக்காய்ச்சல் வரக்கூடும்.

நம்மைக் காண வரும் பெற்றோரில் கங்கையில் முழுகாமல் திரும்புபவர் அரியர். அவர்களைப் படிவரை அழைத்துச் செல்பவர்கள் நாம். கட்டுரை படித்து நீச்சல் கற்க இயலாததுபோலவே இதையும் படித்து மட்டும் கற்க இயலாது. நம் சங்கம் ஒரு ஞாயிறன்று, மருத்துவக் கல்லூரி நண்பர்களைக் கொண்டு, பொம்மையை வைத்து இப்பயிற்சியை நடத்தினால் என்ன? முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.