யார் கை பட்டது?

போடியிலிருந்து மூணாறு சாலையில் ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில் போடிமெட்டு. சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம், ஏலத் தோட்டங்கள். அங்கே ஒரு ஏலக்காய் ஸ்டோரில் சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று உலர்த்தும் அறையின் சூட்டைக் குறித்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்துக்கொள்பவர் கீழே போடி டவுனில் இருக்கிறார்.

இருந்த இடத்திலிருந்தே அவர் அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய்வரும் வழி எஸ்எஸ்ஹெச். 1995-ல் பின்லாந்தில் பிறந்த கருவி. அதன் வழக்கமான கதவு எண் 22. கண்டவர்களும் அந்தக் கதவையே தட்டுவதால், அமைவுக் கோப்பில் 2222 என்று மாற்றி, ரௌட்டரிலும் அந்த எண்ணுக்கே வழி விட்டிருக்கிறார். இப்போது எஸ்எஸ்ஹெச்சுக்கு அப்டேட் வருகிறது. அதனுடன் வரும் புதுக் கோப்பு பழையதன்மேல் உட்கார்ந்துவிட்டால் கதவு 22-க்குத் திரும்பிவிடும். 2222-ஐத் தட்டினால் திறக்க ஆளிருக்காது. ஜீப் பிடித்து 17 வளைவும் ஏற வேண்டியதுதான்.

பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மலைக்கு இந்தப் பக்கம் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். அந்தப் பக்கம் கேரளப் பள்ளிகளில் உபுண்டு வழிவந்த கைட் லினக்ஸ். இரண்டும் டெபியன் என்ற லினக்ஸின் வம்சம். உள்ளூரில் செய்த மாற்றத்தை அப்டேட் அழிக்கக் கூடாது என்பது டெபியனின் எழுதப்பட்ட விதி.

ஆனால் கோப்பை மாற்றியது மனிதர்தான் என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? இருக்கும் கோப்பையும் வரும் கோப்பையும் மட்டும் ஒப்பிட்டால், வேறுபாடு தெரியும். மாற்றியவர் யாரென்று தெரியாது. அதற்கு மூன்றாவது சாட்சி தேவை. டிபிகேஜி என்ற நிறுவும் கருவி, ஒரு கோப்பை முதலில் வைக்கும்போதே அதன் கைரேகையைக் குறித்துவைக்கிறது. எம்டி5 என்ற கணக்குப்படி வரும் 32 எழுத்துகள்தான் அந்த ரேகை. கோப்பில் ஒரு புள்ளியைக் கூட்டினாலும் ரேகை முழுக்க மாறிவிடும்.

அப்டேட் வரும்போது மூன்று ரேகைகள் கையில் இருக்கும்: அன்று வைத்தது, இன்று இருப்பது, புதிதாக வருவது. நீங்கள் தொடவில்லை என்றால் புதியது சத்தமில்லாமல் உட்காரும். நீங்கள் மட்டும் மாற்றியிருந்தால் உங்களுடையது அப்படியே நிற்கும். இரு தரப்பும் மாற்றியிருந்தால்தான் கேள்வி வரும். பதில் சொல்லாமல் என்டரைத் தட்டினால் உங்கள் கோப்பே நிலைக்கும். புதியது பெயருக்குப் பின்னால் 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலுடன் பக்கத்தில் காத்திருக்கும். கோப்பை நீங்கள் அழித்திருந்தால் அதையும் உங்கள் முடிவாகவே மதிக்கும். கேட்காமல் திரும்ப வைக்காது. எஸ்எஸ்ஹெச் கோப்புக்கு யுசிஎஃப் என்ற துணைக்கருவி இதே கணக்கைப் போடுகிறது.

ஆளில்லா நேரத்தில் ஓடும் அப்டேட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாருமில்லை. அதனால் 'பழையதையே வை' என்று முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. புதுக் கோப்பில் வந்த பாதுகாப்புத் திருத்தம் உங்கள் பழைய கோப்பில் இருக்காது. காத்திருக்கும் கோப்பை என்றாவது பிரித்துப் படித்தாக வேண்டும்.

மோதலே வராமல் செய்யவும் வழியுண்டு. டெபியன் 11-லிருந்து எஸ்எஸ்ஹெச்சின் பிரதான கோப்பு, பக்கத்தில் உள்ள ஒரு கோப்புறையையும் சேர்த்துப் படிக்கிறது. 2222 என்ற அந்த ஒற்றை வரியை அங்கே தனிக் கோப்பாக வைத்தால் போதும். பிரதான கோப்பை நாம் தொடவே இல்லை. அது தன்பாட்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. எஸ்எஸ்ஹெச்சை மறுபடி தொடங்கினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அறுவதில்லை. ஆகவே அதை மூடாமல், இன்னொரு ஜன்னலில் 2222-ஐத் தட்டிப் பார்க்க வேண்டும். திறந்தால் பழையதை மூடலாம். திறக்காவிட்டாலும் கை இன்னும் உள்ளேதான் இருக்கிறது, திருத்திவிடலாம். ஜீப்புக்கு வேலையில்லை.